ஐடி பார்ப்பது வேறு, ஐடியை வைத்துக்கொள்வது வேறு

1.
கொஞ்சம் நீளமான இழை இது. மருந்து மாத்திரை பற்றி இல்லை. வெளியூர் போய் நாள் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும்போது கேட்கிறாங்களே ஆதார் காப்பி, அதைப் பற்றி. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு. படிச்சா புரியும்.

2.
பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி இருக்கிற தெருக்களைப் பாருங்க. சென்னையில் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகள், வேலூரில் சிஎம்சி பக்கத்துத் தெருக்கள். மெடிக்கல் ஷாப்புக்குப் போட்டியா 'ரூம் கிடைக்கும்', 'கிச்சனுடன் வீடு, நாள் வாடகை'ன்னு போர்டு தொங்கும். மேற்கு வங்கத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் வர்றவங்களுக்காக வேலூரில் வங்காள எழுத்துலயே போர்டு வெச்சிருப்பாங்க.

3.
ஏன் லாட்ஜ் இல்லாம வீடு? கீமோ பலருக்கு மூணு வாரத்துக்கு ஒரு முறை வரும். கிட்னி மாற்று செய்தவர் சில மாதங்கள் மருத்துவமனை பக்கத்துலயே இருக்க வேண்டி வரும். எங்க நரம்பியல் துறையில் வீடியோ ஈஈஜிக்கு பெட் காலியாக சில நாள் காத்திருக்கணும். இவ்வளவு நாள் லாட்ஜில் இருந்தா கட்டுப்படி ஆகாது. கஞ்சி வைக்க ஒரு அடுப்பு வேணும், துணி காயப்போட ஒரு கொடி வேணும். அதனால் வீடு.

4.
முன்னாடி நேரில் போய் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, சாவி வாங்குவோம். இப்போ எல்லாம் போன்தான். ஆன்லைன்ல பார்த்தாலும் சரி, புரோக்கர் நம்பர் கொடுத்தாலும் சரி, அடுத்த மெசேஜ் இதுதான்: "எல்லாருடைய ஆதாரும் முன்பக்கம் பின்பக்கம் வாட்ஸ்அப்ல அனுப்புங்க." சில இடத்தில் கூடவே ஒரு செல்ஃபி. மருத்துவமனை பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் கேட்கிறாங்க: அப்பாயின்ட்மென்ட் சீட்டு. உண்மையிலேயே நோயாளிதானான்னு உறுதி பண்ணிக்கவாம்.

5.
இந்த ரெண்டு போட்டோவும் ஒரே போனில் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆதாரில் பெயர், பிறந்த தேதி, போட்டோ, அப்பா பெயரோ கணவர் பெயரோ, கதவு எண் வரைக்கும் முகவரி. சீட்டில் எந்தத் துறை, எந்த டாக்டர். சேர்த்துப் படிச்சா, இன்ன ஊர் இன்னார் மகளுக்கு இன்ன வியாதி. முழு கேஸ் ஷீட்டே தேவையில்லை.

6.
ஒரு சம்பவம் சொல்றேன். குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன். தென் மாவட்டத்துக் கிராமம். இருபத்து மூணு வயசுப் பெண், வலிப்பு நோய். அப்பாவும் பொண்ணும் பரிசோதனைக்காக சென்னை வந்து, அஞ்சு நாள் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தாங்க. ஆதார், சீட்டு எல்லாம் கேர்டேக்கர் போனுக்குப் போச்சு.

7.
அந்த கேர்டேக்கர் நல்ல மனுஷன். அதை முதல்ல சொல்லிடணும். கார்டில் ஊர் பெயரைப் பார்த்ததும் அவருக்கு சந்தோஷம். "அட, எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊருண்ணே!" காலையில் டீ வாங்கித் தந்திருக்கார், ஆட்டோ பிடிச்சுக் கொடுத்திருக்கார். ராத்திரி அக்காவுக்கு போன் போட்டு, "உங்க ஊர்க்காரங்க இங்க வந்திருக்காங்க, பாவம், பொண்ணுக்கு ஏதோ ஃபிட்ஸாம்"னு அக்கறையா சொல்லியிருக்கார்.

8.
இவங்க ஊர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி விஷயம் போய்ச் சேர்ந்துடுச்சு. அப்போ பொண்ணுக்கு ஒரு சம்பந்தம் பேசிட்டு இருந்தாங்க. நிச்சயம் பண்ணுறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுல உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் அப்பா இருந்தார். அதுக்கு வாய்ப்பே கிடைக்கல. "ஜாதகம் பொருந்தல"ன்னு ஒரு வரியில் பதில் வந்துடுச்சு.

9.
வலிப்புக்கும் கல்யாணத்துக்கும் நம்ம நாட்டில் இருக்கிற முடிச்சு தெரியாதவங்களுக்கு ஒரு தகவல். 1955 இந்து திருமணச் சட்டத்தில், கல்யாணத்துக்குத் தடையான நிலைகளில் தொடர்ச்சியான வலிப்பும் இருந்தது. 1999-ல்தான் சட்டத் திருத்தம் போட்டு அந்த வார்த்தையை எடுத்தாங்க. சட்டத்தில் எடுத்தாச்சு, ஊர் வாயில் இன்னும் எடுக்கல. மாத்திரை ஒழுங்கா போட்டா பெரும்பாலானவங்க வலிப்பில்லாம இருக்கலாம், குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெத்துக்கலாம். இதை நான் சொன்னா ஓபி ரூமில் கேட்பாங்க. டீக்கடையில் கேட்கமாட்டாங்க.

10.
அதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்குது. இனிமே எந்த வீட்டுலயும் கார்டு கொடுக்கிறதில்லைன்னு அப்பா முடிவு பண்ணிட்டார். ரிவியூவுக்கு வரும்போதெல்லாம் ராத்திரி பஸ் ஏறி, காலையில் என்னைப் பார்த்துட்டு, அன்னைக்கு ராத்திரியே பஸ். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை. வலிப்பு இருக்கிறவங்களுக்கு நாங்க முதல்ல சொல்றது ரெண்டு விஷயம்: மாத்திரையை விடாதீங்க, தூக்கத்தை விடாதீங்க. தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும்.

11.
மூணு முறை ஒண்ணும் ஆகல. நாலாவது முறை, திரும்பிப் போற பஸ்ஸில், விடியற்காலையில் வலிப்பு வந்துடுச்சு. நெற்றியில் தையல், நாக்கில் காயம். பதினாலு மாசம் வலிப்பே இல்லாம இருந்த பொண்ணு. ரெண்டு வருஷம் வராம இருந்தா மாத்திரையைக் குறைக்கிறது பற்றி யோசிக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தேன். அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து. ஏன் தங்கிட்டுப் போகலன்னு கேட்டப்போ அப்பா சொன்னார்: "தங்குனா கார்டு கேப்பாங்க டாக்டர்."

12.
இதில் திருடன் யாரும் இல்லை. ஹேக்கர் இல்லை. பணம் போகல. பிரைவசின்னு பேசினாலே நமக்கு ஓடிபி மோசடிதான் ஞாபகம் வருது. அதுவும் நடக்குது, வருத்தமான விஷயம்தான். ஆனா நம்ம ஊரில் பலருக்கும் பெரிய பயம் தெரிஞ்சவங்க கண்ணில் படுறதுதான். குழந்தைக்காக சிகிச்சை எடுக்கிற தம்பதி, மனநல மருத்துவரைப் பார்க்க வந்தவர், எச்ஐவி மருந்து வாங்க வேணும்னே வேற ஊருக்குப் போறவர். இவங்க யாரும் குற்றவாளி இல்லை. ஆனா இவங்களுக்கு மறைக்க ஒண்ணு இருக்கு, மறைக்க உரிமையும் இருக்கு.

13.
எங்க தொழிலில் இதுக்கு விதி இருக்கு. மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகளில் நோயாளி ரகசியம் காக்கணும்னு இருக்கு. 2017-ல் வந்த மனநலச் சட்டத்திலும் எச்ஐவி சட்டத்திலும் அது இன்னும் அழுத்தமா இருக்கு. அந்தப் பெண்ணின் சித்தப்பா வந்து கேட்டாக்கூட அவள் அனுமதி இல்லாம நான் சொல்லக் கூடாது. அதே தகவல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு போனில், கேலரியில், குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல கிடக்குது.

14.
சரி, வீட்டுக்காரங்க பக்கமும் பேசணும். யாருன்னே தெரியாதவங்களுக்கு சாவி கொடுக்கிறாங்க. மாடியில் வாடகைக்கு விட்டுட்டு கீழே தனியா இருக்கிற அறுபது வயசு அம்மாவுக்கு, மேலே தூங்குறது யாருன்னு தெரியணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் முதல்ல அவங்க கதவைத்தான் தட்டும். வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள பதிவு பண்ணணும், அது வீட்டுல தங்க வைக்கிறவங்களுக்கும் பொருந்தும். அதனால் ஐடியே கேட்கக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். கேட்கட்டும்.

15.
என் வாதம் ஒண்ணே ஒண்ணுதான். ஐடியைப் பார்க்கிறது வேற, ஐடியை வெச்சுக்கிறது வேற. வந்தவர்தான் கார்டில் இருக்கிறவரான்னு உறுதி பண்ண, கார்டையும் முகத்தையும் ஒரு தடவை பார்த்தா போதும். அந்த வேலை அரை நிமிஷத்தில் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் போனில் கிடக்கிற காப்பி யாரையும் பாதுகாக்கல. அது சும்மா கிடக்கும், போன் தொலையுற வரைக்கும், இல்லைன்னா கேர்டேக்கர் மாறுற வரைக்கும். ஒரு விஷயம் சொல்லட்டுமா? வாட்ஸ்அப்ல வந்த காப்பி உண்மையான கார்டான்னு பார்க்கக்கூட உதவாது. போட்டோவை எடிட் பண்ண பத்து நிமிஷம் போதும்.

16.
சட்டம் என்ன சொல்லுது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு கொடுத்தது. 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரை வைத்து அடையாளம் சரிபார்க்க வழிவிட்ட பிரிவை ரத்து செய்தது. 2019 திருத்தத்தில், விருப்பப்பட்டா காட்டலாம்னு வழி வந்தது. ஆனா அதே திருத்தத்தில், ஆஃப்லைனில் ஆதாரைச் சரிபார்க்கிறவங்க ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமித்து வைக்கவோ கூடாதுன்னும் இருக்கு. இதைத்தான் யாரும் சொல்றதில்லை.

17.
2022 மே மாதம் நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது: யாருக்கும் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காதீங்க, உரிமம் இல்லாத ஹோட்டலும் தியேட்டரும் காப்பி வாங்கி வைக்கக் கூடாது, மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்க. நாடே பதறினதும், தவறாப் புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி ரெண்டே நாளில் வாபஸ். வழக்கமான எச்சரிக்கையோட பயன்படுத்தினா போதும்னுட்டாங்க. அந்த வழக்கமான எச்சரிக்கை என்னன்னு நமக்குச் சொல்லித் தர ஆளில்லை.

18.
வெளிநாட்டில் எப்படி? ஸ்பெயினில் 2024 டிசம்பர் முதல், தங்குறவங்களைப் பற்றி ஏகப்பட்ட விவரங்களை வீட்டுக்காரங்க அரசுக்கு அனுப்பணும். அந்த அளவுக்குக் கண்டிப்பு. அதே நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2025-ல் தெளிவா சொல்லிடுச்சு: தேவையான விவரத்தை எழுதிக்கோங்க, பாஸ்போர்ட்டையோ ஐடியையோ முழுசா காப்பி எடுத்து வைக்காதீங்க. போலீஸுக்குத் தகவல் கொடுக்கிறதுக்கும் காப்பி சேர்க்கிறதுக்கும் அங்கே வித்தியாசம் பார்க்கிறாங்க.

19.
காப்பி சேர்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இத்தாலியே உதாரணம். 2025-ல் சில ஹோட்டல்களின் கணினிகளில் இருந்து, செக்-இன் நேரத்தில் ஸ்கேன் பண்ணி வெச்சிருந்த பல்லாயிரம் பாஸ்போர்ட், ஐடி படங்களைத் திருடி இணையத்தில் விலைக்கு வெச்சாங்க. 2018-ல் வெளியான மேரியட் தரவுத் திருட்டில் 50 லட்சத்துக்கும் மேல பாஸ்போர்ட் எண்கள் பூட்டு எதுவும் இல்லாம இருந்தது தெரியவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, கேர்டேக்கர் போனுக்கு நாம என்ன உத்தரவாதம் எதிர்பார்க்க முடியும்?

20.
ஏர்பிஎன்பி மாதிரி தளங்களில் ஐடியை கம்பெனிதான் சரிபார்க்குது. அவங்க விளக்கப்படி, அந்தப் படம் வீட்டுக்காரருக்குப் போகாது. சரிபார்த்தாச்சுங்கிற தகவல்தான் போகும். கம்பெனி அதை எவ்வளவு நாள் வெச்சிருக்கும்ங்கிறது தனிக் கேள்வி. ஆனா நம்ம ஊரில் தளத்தில் சரிபார்த்த பிறகும் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்ல தனியா ஒரு காப்பி கேட்கிறார். ஒரு ஆளுக்கு ரெண்டு இடத்தில் காப்பி. கேட்டா, "எல்லாரும் கேட்கிறாங்க சார், அதான் நாங்களும்."

21.
ஐடியை வெச்சு வேற ஒண்ணும் நடக்குது. பெயரைப் பார்த்து மதம், முகவரியைப் பார்த்து சாதி, ரெண்டு கார்டில் ரெண்டு முகவரி இருந்தா கல்யாணம் ஆகலன்னு கணக்கு. அப்புறம் "ரூம் காலி இல்லை". 2019-ல் கோவையில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கினதைக் காரணம் காட்டி ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு சீல் வெச்சாங்க. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஆகாதவங்க சேர்ந்து அறை எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஐடி கேட்கிறது பாதுகாப்புக்கு. ஒழுக்கச் சான்றிதழ் கொடுக்கிறதுக்கு இல்லை.

22.
சரி, தங்கப் போறவங்க என்ன பண்ணலாம்?
• ஆதாரே வேணும்னு இல்லை. டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் அடையாளம்தான்.
• ஆதார்தான் வேணும்னா மறைக்கப்பட்ட ஆதாரை டவுன்லோட் பண்ணுங்க. 12 எண்ணில் கடைசி 4 மட்டும் தெரியும். ஆனா முகவரி அதிலும் தெரியும், அதை மறந்துடாதீங்க.
• "நேரில் வந்து ஒரிஜினல் காட்டுறேன்"னு முன்கூட்டியே சொல்லுங்க. பல பேர் சரின்னுதான் சொல்லுவாங்க. நாம கேட்கிறதே இல்லை.

23.
• அனுப்பியே ஆகணும்னா, படத்து மேல குறுக்கா எழுதுங்க: யாருக்கு, எதுக்கு, எந்தத் தேதிக்கு. "இன்ன வீட்டில் தங்க மட்டும்"னு எழுதின காப்பியை வேற வேலைக்குப் பயன்படுத்துறது கஷ்டம்.
• அப்பாயின்ட்மென்ட் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட் எதையும் வீட்டுக்காரருக்கு அனுப்பாதீங்க. அடையாளம் உறுதி பண்ண அது தேவையே இல்லை.
• கிளம்பும்போது, "அந்தப் படத்தை அழிச்சிடுங்க"ன்னு மரியாதையா சொல்லி, முன்னாடியே அழிக்கச் சொல்லுங்க.
• உங்க பெயரில் எத்தனை சிம் இருக்குன்னு சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஆதார் கைரேகையை லாக் பண்ணலாம். மோசடின்னு தெரிஞ்சா உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

24.
வீடு விடுறவங்களுக்கு என் வேண்டுகோள். ஒரு நோட்டு போடுங்க. பெயர், போன் நம்பர், வந்த தேதி, போற தேதி, என்ன ஐடி பார்த்தீங்க, அதோட கடைசி 4 எண், கையெழுத்து. கார்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. யார் தங்கினாங்கன்னு போலீஸ் கேட்டா சொல்ல ஒரு பதிவு இருக்கு. நோட்டு பீரோவில் இருக்கட்டும், கேர்டேக்கர் கையில் வேண்டாம். நான் சொன்ன அப்பாவும் பொண்ணும் இப்போ தங்குறது இப்படி நோட்டு வெச்சிருக்கிற ஒரு ரிட்டையர்டு டீச்சர் வீட்டு மாடியில். கார்டைப் பார்ப்பாங்க, எழுதுவாங்க, "சாப்டியாம்மா"ன்னு கேட்டுட்டு சாவியைக் கொடுப்பாங்க. எதுக்கு வந்தீங்கன்னு இதுவரை கேட்டதில்லையாம்.

25.
2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தாச்சு. படிப்படியா அமலுக்கு வருது. எதுக்காகத் தகவல் வாங்கினாங்களோ அதுக்கு மட்டும் பயன்படுத்தணும், வேலை முடிஞ்சா அழிக்கணும்ங்கிறதுதான் அதோட அடிப்படை. போன் கேலரியில் பழைய விருந்தாளிகளின் கார்டு வருஷக்கணக்கா கிடக்குதுன்னா, இன்னைக்கே உட்கார்ந்து அழிச்சிடுங்க. உங்களுக்கும் ஒரு சுமை குறையும்.

26.
"தப்பு பண்ணலன்னா ஏன் மறைக்கணும்?"னு கமெண்டில் கேட்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில். என் ஓபி ரூமுக்குக் கதவு இருக்கு. உள்ளே வர்ற யாரும் தப்பு பண்ணிட்டு வரல. ஆனாலும் கதவைச் சாத்திட்டுத்தான் பேசுறோம். கதவு இல்லைன்னா பாதிப்பேர் உண்மையைச் சொல்லமாட்டாங்க, மீதிப்பேர் வரவே மாட்டாங்க. வராம போன வியாதிதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

27.
மருத்துவமனை பக்கத்தில் வீடு விடுறவங்க உங்க நட்பில் இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. சிகிச்சைக்கு வெளியூர் போறவங்களுக்கு 22, 23 எண் பதிவுகளை மட்டும் அனுப்பினாலும் போதும். வலிப்புக்கு மருந்து எடுக்கிறவங்க யாராவது படிச்சிருந்தா: ராத்திரி பஸ்ஸில் வந்து ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பாதீங்க. ஒரு ராத்திரியாவது நல்லா தூங்கிட்டுப் போங்க. தங்க இடம் பிரச்சினைன்னா உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதையும் கேட்கத்தான் நாங்க உட்கார்ந்திருக்கோம்.